வகுப்பறையில் இணைய வளங்களும் ஊடாடும் கருவிகளும்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குறுவள மையப் பயிற்சிகளிலும், அதைவிட அதிகமாகப் பயிற்சி முடிந்து டீ குடிக்கும் நேரத்திலும் காதில் விழுந்த கேள்விகள் இவை. ஊர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேள்வியைக் கேட்டவர் வாய்மொழியிலேயே விட்டுவிட்டு, பதிலை மட்டும் நிதானமாக எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதியது. அவசரமாக இருப்பவர்கள் 1, 5, 11 ஆகிய மூன்றை மட்டும் படித்தாலும் போதும்.

1. "யூடியூப் வீடியோ போட்டுக் காட்டுறேன். அதுவும் இன்டராக்டிவ் டீச்சிங்தானே சார்?"

வீடியோ ஒரு வளம், அவ்வளவுதான். பிள்ளை எதையாவது செய்ய, அதற்கேற்பத் திரை மாறினால்தான் அது ஊடாடும் கருவி. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு முனையை இழுத்தால் முக்கோணம் மாறுகிறது. வீடியோ யார் என்ன செய்தாலும் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடியோ மாதிரி வகுப்பு நடத்துபவர்களும் உண்டு. முன்னால் நின்று எல்லாப் பொத்தானையும் தானே அழுத்தி, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இன்னொருவர் சாதாரண வீடியோவை நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்? நோட்டில் எழுது, அப்புறம் போடுகிறேன்" என்பார். இந்த இரண்டில் எதை எடுப்பாய் என்றால் நான் இரண்டாவது வகுப்பைத்தான் எடுப்பேன். திரை விடை சொல்வதற்கு முன் பிள்ளை தன் விடையைச் சொல்லிவிட்டதா என்பது ஒன்றைத்தான் நான் பார்ப்பேன். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்தே கிளம்புபவை.

2. "எங்க ஊர்ல டவரே கிடைக்காது. நெட் இல்லாம இதெல்லாம் எப்படி?"

"இணைய வளம்" என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நல்ல வளங்களில் பலவற்றை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் அப்புறம் இணையமே தேவையில்லை. ஃபெட் தளத்தின் சிமுலேஷன்கள் (திரையிலேயே மாற்றிப் பார்க்கும் மாதிரிகள்) ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாக இறங்கும். பென்டிரைவில் போட்டு, எந்தக் கணினியின் பிரவுசரிலும் திறக்கலாம். ஜியோஜீப்ராவைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியமும் அப்படியே. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருந்தால் தமிழ் விக்கிப்பீடியாவையே மொத்தமாக இறக்கிக் கணினிக்குள் வைத்துக்கொள்ளலாம்.

ஆய்வகத்தில் பல கணினிகளோ டேப்லெட்டுகளோ இருந்தால் கோலிப்ரி என்ற மென்பொருளைப் பாருங்கள். ஒரு கணினியில் பாடங்களை ஏற்றி, ஒரு வைஃபை ரவுட்டரோடு இணைத்துவிட்டால், மற்ற கருவிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். வெளி இணைய இணைப்பே இல்லாத இடங்களுக்காக உருவாக்கப்பட்டது அது. சனிக்கிழமை ஒரு மணி நேரம் பிரவுசிங் சென்டரிலோ வீட்டு வைஃபையிலோ உட்கார்ந்தால் ஒரு பருவத்துக்குத் தேவையானதை இறக்கிவிடலாம்.

3. "எது நல்ல ஆப்னு ஒரு லிஸ்ட் குடுத்துட்டீங்கன்னா போதும்."

லிஸ்ட் வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் அதைத் திரும்பத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் கேட்பதால் சொல்கிறேன். அறிவியலுக்கு ஃபெட். இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது; 150-க்கு மேற்பட்ட சிமுலேஷன்கள் உண்டு, இலவசம், பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. கணக்குக்கு ஜியோஜீப்ரா. வானியலுக்கு ஸ்டெல்லேரியம். சமூக அறிவியலுக்கு கூகுள் எர்த், இஸ்ரோவின் வரைபடத் தளமான புவன். தமிழுக்கு, பழைய நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகமும். பாட வீடியோவுக்கு 2023-ல் வந்த மணற்கேணி, கல்வித் தொலைக்காட்சி.

இதில் ஒன்றே ஒன்றை எடுத்து ஒரு பருவம் முழுவதும் அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு வாரமும் புது ஆப் காட்டினால் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டுப் பொத்தானைக் கற்றுக்கொள்வார்கள்.

4. "புத்தகத்துலயே கியூஆர் கோடு இருக்கே, அது போதாதா?"

தொடங்குவதற்குத் தாராளமாகப் போதும். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் அந்தக் குறியீடுகளைத் திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான வளங்கள் வரும். கணக்குப் புத்தகத்தில் "இணையச் செயல்பாடு" என்று தனியே ஒரு பகுதி இருக்கிறதே, அதில் பெரும்பாலும் ஜியோஜீப்ராதான். நாம்தான் அந்தப் பக்கத்தைத் தேர்வுக்கு வராது என்று புரட்டிவிட்டுப் போகிறோம்.

ஸ்கேன் செய்வதை வகுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். முந்தின நாள் திறந்து பாருங்கள். சில குறியீடுகள் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்துக்குப் போகாது, சில வீடியோக்கள் நீளமாக இருக்கும். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று பாடக்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. "சிமுலேஷன் காட்டினா ஒரு பீரியடே போயிடுது. போர்ஷன் எப்படி முடிக்கிறது?"

எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம். பிள்ளைகள் வருடா வருடம் ஒரே மாதிரித் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடங்கள் ஒவ்வொரு பாடத்திலும் ஒன்றிரண்டுதான் இருக்கும். அங்கே மட்டும் திரையைத் திறங்கள்.

மின்னோட்டவியலை எடுத்துக்கொள்வோம். தொடரிணைப்பில் இரண்டு பல்பு. "முதல் பல்பு கொஞ்சம் கரண்டைச் சாப்பிட்டுடும், மிச்சம்தான் ரெண்டாவதுக்குப் போகும்" என்று ஏழாம் வகுப்பிலும் சொல்வார்கள், பத்தாம் வகுப்பில் ஓம் விதியை ஒப்பித்துவிட்டும் சொல்வார்கள். ஃபெட்டின் மின்சுற்றுக் கட்டமைப்புக் கருவியில் 9 வோல்ட் பேட்டரி ஒன்று, 10 ஓம் பல்பு ஒன்று. அம்மீட்டர் 0.90 ஆம்பியர் காட்டும். இப்போது அதே பல்பு இன்னொன்றைத் தொடரில் சேர்க்கப்போகிறோம். சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்: பேட்டரிக்கும் முதல் பல்புக்கும் நடுவில் எவ்வளவு, இரண்டு பல்புக்கும் நடுவில் எவ்வளவு, இரண்டாவது பல்பு தாண்டி எவ்வளவு? மூன்று எண்ணையும் நோட்டில் எழுதட்டும். 0.90, 0.45, 0 என்று எழுதியவர்கள் பலர் இருப்பார்கள். அப்புறம் பின் பெஞ்சிலிருந்து ஒருவரை அழைத்து அம்மீட்டரை மூன்று இடத்திலும் வைக்கச் சொல்லுங்கள். மூன்று இடத்திலும் 0.45. அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்தை அடக்காதீர்கள். அதற்காகத்தான் இவ்வளவும்.

இதற்கு 12 முதல் 15 நிமிடம் ஆகும். மீதி நேரம் கரும்பலகைக்கு. பக்க இணைப்பை அடுத்த வகுப்பில் இதே முறையில் செய்தால் ஒவ்வொரு கிளையிலும் 0.90, மொத்தம் 1.80 என்று வரும். அதற்குள் பிள்ளைகள் கணிப்பதில் தேறியிருப்பார்கள்.

6. "நிஜ பேட்டரி, நிஜ பல்பு இருக்கும்போது கம்ப்யூட்டர்ல எதுக்குக் காட்டணும்?"

நியாயமான கேள்வி. அறிவியல் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் கோபமாகவே கேட்பார்கள், அந்தக் கோபமும் எனக்குப் பிடிக்கும். நிஜப் பல்பு இருந்தால் நிஜப் பல்பைக் கொடுங்கள். ஆனால் நிஜத்தில் ஒரு பல்பு சற்று மங்கலாக எரியும், வயர் தளரும், அம்மீட்டர் முள் ஒட்டிக்கொள்ளும். மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றே என்ற விஷயம் இந்தக் கோளாறுகளுக்குள் புதைந்துபோகும். இரண்டு பல்பும் கொஞ்சம் வேறுபட்டு எரிந்தால், "பாத்தீங்களா சார், நான் சொன்னேன்ல" என்று தப்பான விடைக்கே அது சாட்சியாகிவிடும்.

கொலராடோவில் கல்லூரி மாணவர்களிடம் செய்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், கணினியில் சுற்று அமைத்துப் பழகியவர்கள் நிஜக் கருவியில் பழகியவர்களைவிடக் கருத்துக் கேள்விகளுக்கு நன்றாக விடை சொன்னார்கள். நிஜச் சுற்றை அமைப்பதிலும் அவர்கள் பின்தங்கவில்லை. இதை வைத்து ஆய்வகத்தைப் பூட்டிவிடலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. முதலில் திரை, அடுத்த வகுப்பில் பல்பு. அதுதான் என் வரிசை. அமிலம் ஊற்றுவது, டைட்ரேஷனில் நிறம் மாறுவது, விதை முளைப்பது இதெல்லாம் கையால் செய்து கண்ணால் பார்க்க வேண்டியவை.

7. "சிமுலேஷன்ல வர்றதெல்லாம் அப்படியே உண்மையா?"

இல்லை. எல்லா மாதிரியும் எதையோ பெரிதாக்கும், எதையோ விட்டுவிடும். மேலே சொன்ன மின்சுற்றில் எலக்ட்ரான்கள் உருண்டைகளாகக் கண்ணுக்குத் தெரியும்படி ஓடுகின்றன. நிஜத்தில் சாதாரணக் கம்பியில் எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிவது, சுற்று முழுவதும் உள்ள எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவதால். அந்தப் பகுதியைத் திரை சரியாகவே காட்டுகிறது. அணு சிமுலேஷனில் உட்கரு இருக்கும் அளவு பெரிதாக்கிக் காட்டியதுதான்: உண்மை விகிதத்தில் வரைந்தால் திரையில் உட்கருவே தெரியாது.

எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால், "இதில் எது பொய்?" என்பதையே கடைசிக் கேள்வியாக வைக்கலாம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பிடித்த விளையாட்டு.

8. "60 பசங்க, ஒரே ஒரு லேப்டாப். எல்லாரும் எப்படிச் செய்வாங்க?"

எல்லாரும் மவுஸைத் தொட வேண்டியதில்லை, எல்லாரும் முடிவெடுக்க வேண்டும். மவுஸ் ஒரு பிள்ளையிடம் இருக்கட்டும். ஆனால் அந்தப் பிள்ளை தானாக எதையும் அழுத்தக்கூடாது; வகுப்பு சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். மவுஸ் நன்றாகப் படிப்பவரிடமே போய்ச் சேரும், அதைத் தடுத்து வரிசை எண்படி மாற்றுங்கள்.

உயர் தொழில்நுட்ப ஆய்வகம் கிடைத்தால் மூன்று பேருக்கு ஒரு கணினி. ஆளுக்கு ஒன்று கிடைத்தால்கூட நான் இரண்டு பேரைச் சேர்த்தே உட்கார வைப்பேன், அப்போதுதான் பேச்சு நடக்கும். முதல் ஐந்து நிமிடம் எந்த வேலையும் கொடுக்காமல் விளையாட விடுங்கள். பேட்டரியின் இரு முனையையும் வெறும் வயரால் இணைத்தால் திரையில் தீப்பற்றும். அதை அவர்கள் கண்டுபிடித்தே தீருவார்கள். அந்த ஆசை தீர்ந்தபின்தான் நீங்கள் சொல்வது காதில் ஏறும். மாநில அளவிலான மதிப்பீடு நடக்கும் வாரங்களில் ஆய்வகம் கிடைக்காது என்பதையும் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள்.

9. "ஜியோஜீப்ராவுல முக்கோணம் இழுத்துக் காட்டினேன். கூட்டினா 180.01 வருதுன்னு ஒரு பொண்ணு எழுந்து நிக்குது!"

அந்தப் பெண்ணுக்கு ஒரு சபாஷ். கோணங்கள் 47.236, 62.236, 70.528 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் சரியாக 180. திரை இரண்டு தசம இடத்துக்கு முழுதாக்கி 47.24, 62.24, 70.53 என்று காட்டும். இவற்றைக் கூட்டினால் 180.01. கருவி தப்புச் செய்யவில்லை, முழுதாக்கலின் விளைவு இது. அமைப்புகளில் தசம இடங்களை மூன்றாக, நான்காக மாற்றி அந்த வேறுபாடு சுருங்குவதை அந்தப் பெண்ணையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் கிளம்பும். நூறு முக்கோணத்தை இழுத்துப் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது. இணைகோடு வரைந்து ஒன்றுவிட்ட கோணங்களைக் காட்டும் நிரூபணம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கும் தருணம் பெரும்பாலும் வாய்க்காது. இந்த 0.01 அதை வாங்கிக் கொடுக்கிறது.

10. "நான் தமிழாசிரியை. சயின்ஸ், மேத்ஸ்க்குத்தான் இதெல்லாம். எனக்கு என்ன இருக்கு?"

உங்களுக்குத்தான் அதிகம் இருக்கிறது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பிற்கால நூல்கள் வரை தட்டச்சு செய்த பாடங்களாகவே இருக்கின்றன. படமாக இல்லாமல் எழுத்தாக இருப்பதால் தேட முடியும், அதுதான் சிறப்பு. திருக்குறளில் "தமிழ்" என்ற சொல்லே இல்லை என்று மேடை தோறும் கேட்டிருப்போம். குறள் முழுவதையும் திறந்து பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். தலைப்பிலும் பதிப்புக் குறிப்பிலும் வருவதைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பேச்சாளர் சொன்னதை நம்பாமல் நூலைத் திறந்து பார்க்கும் பழக்கம் அங்கே தொடங்கும். அடுத்து ஒரு குழு "மழை", இன்னொரு குழு "வான்" என்று தேடி, எந்தெந்த அதிகாரங்களில் வருகிறது என்று பட்டியல் போடலாம்.

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணினியில் நிறுவும் கூகுள் எர்த் புரோ இலவசம். அதில் கடிகாரப் படத்தை அழுத்தினால் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரும். 2022-ல் உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை இருபது வருடம் பின்னால் இழுத்துப் பார்த்தால், சுற்றிலும் கட்டடங்கள் எப்படி நெருங்கின என்று புத்தகத்தின் ஒரு அத்தியாயமே கண் முன்னால் ஓடும். உங்கள் ஊர் ஏரி இன்னும் நல்லது. இழுப்பதற்கு முன், ஏரியின் பழைய கரை எங்கே இருந்தது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு வரைந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

11. "பசங்ககிட்ட போன் கிடையாது. ஆன்லைன் குவிஸ் எப்படி வைக்கிறது?"

பிளிக்கர்ஸ் என்ற செயலி இருக்கிறது. போன் உங்களிடம் மட்டும் இருந்தால் போதும். 40 அட்டைகள் கொண்ட தொகுப்பை இறக்கிச் சாதாரணத் தாளில் அச்சிடலாம். ஒவ்வொரு அட்டையிலும் கறுப்பு வெள்ளைக் கட்டம். நான்கு பக்கமும் சின்ன எழுத்தில் ஏ, பி, சி, டி. எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். போன் கேமராவை மெதுவாக வகுப்பின் குறுக்கே நகர்த்தினால், யார் என்ன சொன்னார் என்று அது படித்துக்கொள்ளும். அட்டைக்கு அட்டை கட்டம் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவன் எதைத் தூக்கினான் என்று பார்த்துக் காப்பியடிப்பது கடினம். போனுக்கு மட்டும் இணையம் வேண்டும். பளபளப்பான லேமினேஷன் போட்டால் வெளிச்சம் பட்டுக் கேமரா படிக்காது; கனமான அட்டையில் ஒட்டிக்கொள்வதே மேல்.

போனும் இல்லை, டவரும் இல்லையா? கண்ணை மூடி, நெஞ்சுக்கு முன்னால் ஒன்று முதல் நான்கு விரல் காட்டச் சொல்லுங்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும், யார் என்ன சொன்னார் என்ற பதிவு மட்டும் இருக்காது.

12. "குவிஸ் வச்சேன், பாதிப் பேர் தப்பு. சரியான விடையைச் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போகலாமா?"

சொல்லாதீர்கள். அப்படி ஒரு கேள்வி அமைவதே அதிர்ஷ்டம். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் முறை இதற்கென்றே இருக்கிறது: கேள்வியைப் போடு, தனியாக விடை சொல்லச் சொல், விடையை வெளியிடாதே, வேறு விடை சொன்ன ஒருவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல், மறுபடி விடை கேள். வகுப்பில் 30 முதல் 70 சதவீதம் பேர் முதல் முறை சரியாகச் சொன்னால்தான் வாதம் சூடு பிடிக்கும். அதற்குக் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப நடத்துங்கள், மேலே என்றால் நேரத்தை வீணாக்காமல் கடந்துவிடுங்கள்.

நல்ல கேள்வி என்பது தப்பான விடைகளும் நம்பும்படி இருப்பது. கேள்வி 5-ல் வந்த "0.90, 0.45, 0" ஒரு நல்ல தப்பு விடை. "மேற்கண்ட அனைத்தும்" என்பது சோம்பல்.

13. "கஹூட் போட்டா கிளாஸ் ரெண்டாகுது. எச்எம் வந்து எட்டிப் பாக்குறாங்க."

கஹூட் என்ற இணைய வினாடி வினா விளையாட்டில் வேகத்துக்கும் மதிப்பெண் உண்டு. அதனால் யோசிப்பவர் தோற்று, சட்டென்று அழுத்துபவர் ஜெயிப்பார். திருப்புதலுக்கு, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு அது பரவாயில்லை. புதுக் கருத்துக்கு வேண்டாம். சத்தத்தைப் பற்றி எச்எம்மிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

14. "கொஸ்டீன் பேப்பர்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டினா ஏதோ இங்கிலீஷ் எழுத்தா வருது."

உங்கள் வினாத்தாள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் வேஷம் கட்டியிருக்கிறது. இணையக் கருவிகள் எல்லாம் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறையை மட்டுமே அறியும். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒட்டி, யூனிகோடாக மாற்றி, எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் ஒரு முறை வாசியுங்கள், ஒற்றும் துணைக்காலும் சில இடங்களில் சறுக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இனிமேலாவது புது வினாத்தாளை யூனிகோடில் அடித்தால் அடுத்த ஆண்டு உங்களுக்கே நன்றி சொல்லிக்கொள்வீர்கள்.

15. "நட்சத்திரம், கிரகம் பாடம் பகல்ல எப்படி நடத்துறது?"

ஸ்டெல்லேரியத்தைத் திறந்து உங்கள் ஊரை இடமாகக் கொடுங்கள். நேரத்தை இரவு எட்டு மணியாக்குங்கள். துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று முதலில் கையால் காட்டச் சொல்லுங்கள். தலைக்கு மேலே காட்டுவார்கள். வடக்கே திருப்பினால் அது அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும்: ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரம்தான். கன்னியாகுமரியில் சுமார் 8, சென்னையில் சுமார் 13. கையை நீட்டி முட்டி பிடித்தால் முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி, அதை வைத்து இரவு வீட்டில் அளக்கலாம். மரம் மறைக்காத இடமாக இருக்க வேண்டும், அதுதான் சிரமம்.

பிறகு இடத்தை லண்டனாக மாற்றினால் நட்சத்திரம் 51 டிகிரிக்கு ஏறிவிடும். அட்சரேகை என்றால் என்ன என்று இதற்கப்புறம் விளக்க வேண்டியதில்லை. நேரம் மிஞ்சினால் சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரைப் பெரிதாக்கி, பக்கத்தில் அருந்ததியைக் காட்டுங்கள். கல்யாணத்தில் பகல் வெளிச்சத்தில் ஐயர் கை காட்டிய திசையில் என்னதான் இருந்தது என்று ஒருவழியாகப் பார்த்துவிடுவார்கள்.

16. "நெட்ல இருந்து படம், வீடியோ எடுத்தா காப்பிரைட் கேஸ் வருமா?"

வகுப்பில் பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிவிலக்காகவே அனுமதிக்கிறது. பல்கலைக்கழகப் பாடத்தொகுப்புகளை நகலெடுத்தது பற்றிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016-ல் இந்த விலக்குக்கு விரிவான பொருள் கொடுத்தது. எனவே வகுப்பறைக்குள் பயப்பட வேண்டாம்.

சிக்கல் வகுப்பறையைத் தாண்டும்போது வரும். அதே படத்தை வைத்து வீடியோ செய்து யூடியூபில் ஏற்றுவது, கைடு போட்டு விற்பது வேறு கதை. அப்படி வெளியிடும் எண்ணம் இருந்தால் விக்கிமீடியா காமன்ஸில் தேடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமம் என்ன, யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்று இருக்கும். ஃபெட்டும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில்தான் வருகிறது, பெயரைச் சொன்னால் போதும்.

17. "ஆப்ல பசங்க பேரு, பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் கேக்குது. போட்டுடலாமா?"

போடாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தையாகவே கருதுகிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், பிளிக்கர்ஸ் அட்டைக்கு வரிசை எண் போதும், முழுப்பெயர் எதற்கு? கஹூட்டுக்குக் குழுப் பெயர் போதும்: குறிஞ்சி, முல்லை, மருதம். கணக்குத் தொடங்காமல் ஓடும் கருவியும், கணக்குக் கேட்கும் கருவியும் ஒரே வேலையைச் செய்தால் முதலாவதை எடுங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் வகுப்பறைப் படங்களை வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போடுவதும் இதே கணக்கில்தான் சேரும், அதை யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை.

18. "சாட்ஜிபிடி கிட்ட பாடக்குறிப்பு, கேள்வி எல்லாம் வாங்கிக்கலாமா?"

வாங்கலாம், அப்படியே கொண்டுபோகக் கூடாது. கேள்வி 12-ல் சொன்ன "நம்பும்படியான தப்பு விடை" தயாரிக்க அது நன்றாக உதவும். நான்கு தப்பு விடை கேட்டால் பத்துத் தரும், அதில் இரண்டு தேறும். எண் வரும் கணக்கு என்றால் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

தமிழ்ப் பாடத்தில் இரட்டைக் கவனம் வேண்டும். இல்லாத குறளுக்கு எண் போட்டுத் தரும், ஒரு புலவர் பாட்டை இன்னொருவர் தலையில் கட்டும், அத்தனையும் தயக்கமே இல்லாத நடையில். மேற்கோள் எதுவானாலும் கேள்வி 10-ல் சொன்ன மதுரைத் திட்டத்தில் தேடிப் பார்த்த பிறகே கரும்பலகைக்கு வரட்டும்.

19. "நல்லா போய்ட்டிருக்கும்போது கரண்ட் போயிடுதே?"

கணித்தல் நோட்டில் நடந்திருந்தால் வகுப்பு நிற்காது. எழுதியதை வைத்து வாதாடட்டும், மின்சாரம் வந்ததும் சரிபார்க்கலாம், வராவிட்டால் நாளைக்கு. ஒரே ராத்திரி தள்ளிப்போனால் ஆர்வம் கூடத்தான் செய்கிறது. முக்கியமான திரைகளை நான்கைந்து படமாகப் போனில் எடுத்து வைத்துக்கொள்வதும் கை கொடுக்கும்.

20. "ஆய்வுக்கு வர்றவங்க ஸ்மார்ட் போர்டு ஓடுதான்னுதான் பாக்குறாங்க. அதனால சும்மாவாவது ஓடவிட வேண்டியிருக்கு. என்ன சார் பண்றது?"

திறன்மிகு வகுப்பறைப் பலகையை அணைத்து வைத்திருந்தால் பயன்படுத்தவில்லை என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. பலகையில் ஒரே ஒரு கேள்வியைப் பெரிய எழுத்தில் போட்டு நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் அதற்கு விடை எழுதிக்கொண்டிருக்கட்டும். வருபவர் ஏன் எதுவும் நகரவில்லை என்று கேட்டால் நோட்டைக் கொடுங்கள்: முதலில் என்ன எழுதினார்கள், திரையைப் பார்த்தபின் எதை அடித்துத் திருத்தினார்கள் என்று அதில் இருக்கும். பெரும்பாலானவர்கள் நோட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பிடிவாதமாக "ஏதாவது ஓடவிடுங்க" என்பவருக்குக் கல்வித் தொலைக்காட்சி இருக்கவே இருக்கிறது.